எப்போது போனாலும் தங்கும் வீடு

புது நாட்டில் எட்வினுக்கு இதுதான் முதல் வருமான வரிப் படிவம். அதை நிரப்பிக்கொண்டிருந்த வரி ஆலோசகர் சுகுணா ஒரு கேள்வியில் நின்றார்.

"ஊர்ல நீங்க எப்பப் போனாலும் தங்குற மாதிரி வீடு இருக்கா சார்? இருந்தா ரெண்டு நாடும் உங்கள எங்க ஆளுன்னு சொல்லி வரி கேக்கும். இல்லைன்னா வேலை சுலபம்."

ஊரில் உள்ள வீடு எட்வின் பெயரில்தான் இருந்தது. அதில் குடியிருக்கும் மனைவி ஜெயசீலி அவரோடு பேசி இரண்டு வருடமாகிறது. சுகுணாவின் முன்னாலேயே அவளைப் போனில் அழைத்தார்.

"வரிக்காரங்க கேக்காங்க. நான் வந்தா அங்க தங்கலாமா?"

மறுமுனையில் குக்கர் மூன்று முறை விசிலடித்து ஓய்ந்தது.

"பூட்ட மாத்தியாச்சு" என்றாள்.

"இல்லைன்னு போடுங்க" என்றார் எட்வின் சுகுணாவிடம். அவரும் டிக் போட்டார்.

ஜெயசீலி இணைப்பைத் துண்டிக்கவில்லை. "ஒங்களுக்குன்னு ஒரு சாவி எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.