எட்டு எண்ணிக்கை

செல்லோ நின்றதும் வயலின் உள்ளே வந்துவிட்டது.

அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

ஒத்திகையில் இது மூன்றாவது தடவை. எட்வின் வயலினைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டார்.

அவர்மேல் தப்பில்லை. முப்பது வருஷம் சினிமா ரெக்கார்டிங்கில் வாசித்த கை. பக்கத்து ஆள் எங்காவது தடுக்கினால் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடும். கேட்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் இங்கே யாரும் தடுக்கவில்லை. அவள் எழுதியதே அப்படித்தான்.

முதலில் வயலின் ஓய்கிறது. அதைத் தேடிக்கொண்டு வயோலா போகிறது. அதுவும் ஓய்கிறது. மிச்சமிருக்கும் செல்லோ ஒரே ஒரு வரியில் எதையோ கேட்கிறது.

எட்டு எண்ணிக்கை மௌனம்.

பிறகு அதுவும் கீழே போகிறது.

மாசிலாமணி, தவசி, எபினேசர். அவள் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டின் செப்டிக் டேங்க். மெஷின் லாரி வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று வாட்ஸப் குரூப்பில் எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. ஆட்களை இறக்கினார்கள்.

முதலில் இறங்கியவர் விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார்.

எபினேசர் இறங்கவில்லை. நிமிர்ந்து பால்கனிகளைப் பார்த்தார். கயிறு இருந்தால் போடச் சொல்லிக் கத்தினார்.

நான்கு மாடியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். மூன்றாவது மாடியில் அவள்.

யாராவது போடுவார்கள் என்றுதான் நினைத்தாள். எல்லோருமே அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் இறங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் செத்துப்போன மூன்று பேருக்காகவும் இரண்டு நிமிஷம் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்ததும் பார்க்கிங் பிரச்சினையை எடுத்தார்கள். அவளும் அதில் பேசினாள். அவள் காருக்கும் இடம் இல்லை.

அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. எழுத மட்டும் வந்தது, அதுவும் தங்குதடையில்லாமல். அதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

எட்வினிடம் அந்த இடத்தைப் பென்சிலால் காட்டினாள். இங்கே யாரும் வரக் கூடாது என்றாள். யாருக்காக எழுதியது என்று சொல்லவில்லை.

எட்வின் தாளைப் பார்த்தார்.

“தெரியுது மேடம். ஆனா செல்லோ வாசிக்கிறவரு கேட்டுட்டுத் தனியா நிக்கிறாரு. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்கள்.

வயலின் ஓய்ந்தது. வயோலா ஓய்ந்தது. செல்லோ கேட்டுவிட்டு நின்றது.

அவள் எண்ணினாள்.

எட்வின் வில்லை மடியில் வைத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் நான்காவது எண்ணிக்கையில் அந்தக் கை கொஞ்சம் எழும்பியது.

அன்று தன் கை எழும்பியதா என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

அந்தக் கையில் அப்போது காபி டம்ளர் இருந்தது.

ஆறிப்போவதற்குள் குடித்துவிட்டிருந்தாள்.