ஏணி தாங்கும் எடை

எரிகிற ஆயத்த ஆடை கம்பெனியின் ஐந்தாம் மாடி ஜன்னலில் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு தையல்காரப் பெண்கள், அவர்களை இடித்துக்கொண்டு முதலாளி குழந்தைசாமி. வாசலை மறித்து அவர் போட்டிருந்த கார் ஷெட்டால் தீயணைப்பு வண்டி தெருவைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. ஏணியை அங்கிருந்தே சரித்து நீட்டினார்கள். அப்படி நீண்டுவிட்டால் அதன் நுனித் தொட்டி, வீரர் போக இரண்டு பேரைத்தான் தாங்கும். முதலாளி முதல் ஆளாகக் காலைத் தூக்கி வைத்தார்.

கீழே ஏணியை இயக்கிய இருதயராஜ் மைக்கை எடுத்தான். "பொம்பளைங்க ரெண்டு பேரும் மொதல்ல. நீங்க காலை எடுங்க சார், தாங்காது."

போன வருஷம் முதலாளியின் பழைய கட்டடம் எரிந்தபோது, பூட்டிய பின்கதவுக்கு உள்ளிருந்து, அங்கே தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரெஜினா அவனுக்குப் போன் செய்தாள். துணி திருட்டுப் போகிறதென்று முதலாளி போட்ட பூட்டு. கதவுக்கு வெளியே நின்று அவர் சொன்னது போனிலும் கேட்டது. "சாவி வந்துட்டே இருக்கும்மா. பொறுமையா நில்லுங்க." சாவி வரவில்லை; ரெஜினாவும் வெளியே வரவில்லை.

பெண்கள் இறங்கிவிட்டார்கள்.

"தொட்டி காலிண்ணே, மேல ஏத்துங்க" என்றார் தொட்டியில் நின்ற வீரர்.

மேலே முதலாளி இருமிக்கொண்டே கத்தினார். "சீக்கிரம் அனுப்புங்கப்பா."

இருதயராஜ் ஏணியை ஏற்றும் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மைக்கைப் பிடித்தான்.

"ஏணி வந்துட்டே இருக்கு சார். பொறுமையா நில்லுங்க."