முந்நூற்றில் பதினாலு

கீ...ச், கொர்ர்ர், பிங் பிங்! ஒரு காலத்தில், தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணையத்துக்குக் குரல் இருந்தது. அந்தச் சத்தம் ஓயும்வரை, அப்போது இளைஞராக இருந்த செயலாளர் கைகட்டிக் காத்திருப்பார். இப்போது இணையம் சத்தமில்லாமல் வருகிறது. சத்தம் போடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"விளம்பரத்துல வேகம் முந்நூறு! வர்றது பதினாலு! பன்னிரண்டு வீடும் பொதுவா வாங்கின வைஃபை. மீதியை யார் முழுங்கறது?"

படிக்கட்டே அதிர்ந்தது. அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். அவர் தும்மினாலே மொட்டை மாடிக் காக்கை பறந்துவிடும்.

"விளம்பரத்தை எல்லாம் நம்பலாமா? கல்யாணத்துக்கு முன்னாடி உங்களைப் பத்தியும்தான் என்னென்னவோ சொன்னாங்க" என்றாள் மனைவி. "நான் எங்கேயாவது புகார் கொடுத்தேனா?"

சோதிக்க வந்த டெக்னீஷியன் பெண் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"வைஃபை பெட்டிமேல போட்டிருக்கிற வேகம், பெட்டிக்குப் பக்கத்துல ஒரே ஒருத்தர் உட்கார்ந்திருந்தாத்தான் வரும் சார். இங்க நடுவுல எத்தனை சுவர், எத்தனை கம்பி! அதோட எல்லாரும் ஒரே காத்துலதான் பேசணும். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்திருக்கணும்."

"அதுக்காக இவ்வளவு நேரமா?"

"அங்கதான் விஷயமே. கட்டடத்துல எங்கேயோ ஒரு பழைய போன், நாள் பூரா வீடியோவுல இழுத்து இழுத்துப் பேசிட்டிருக்கு. கவுண்டர்ல முதல் ஆள் நின்னுக்கிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினா வரிசை நகருமா? அதைத் துண்டிச்சா எல்லாருக்கும் வேகம் கூடும்."

"துண்டிங்க! யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே!" செயலாளரின் பார்வை கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் மேல் போய் நின்றது. "பழைய போன் யார்கிட்ட இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

"வாங்க சார், முதல்ல என் வீட்டையே பாருங்க" என்றார் டீச்சர்.

பார்த்தார்கள். அங்கே இல்லை.

டெக்னீஷியன் கையிலிருந்த சிக்னல் கருவி காட்டிய வழியில் ஊர்வலம் கிளம்பியது. முதல் மாடியில் நாலு பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் மாடியில் ஒருவர் முகத்தில் பாதிச் சவரத்தோடு வந்து சேர்ந்தார். மூன்றாம் மாடியில் கருவி ஒரு கதவைக் காட்டியது.

செயலாளர் வீட்டுக் கதவு.

டீச்சர் பலமாக இருமினார்.

"கருவி கெட்டுப்போச்சு" என்றார் செயலாளர். கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு, டெக்னீஷியனை மட்டும் உள்ளே விட்டார்.

"ஏங்க, பால்கனிப் பக்கம் போகாதீங்க, துணி காயுது!" மனைவி குறுக்கே ஓடி வந்தாள்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால், சோப்புத்தூள் டப்பாவில் சாய்ந்து நின்றது, அவர் எப்போதோ தூக்கிப் போட்ட போன். திரையில் ஒரு கட்டில். கட்டிலில் அவருடைய அண்ணன். அப்பாவின் வீட்டை விற்ற அன்று இருவருக்கும் பேச்சு நின்றது. ஒன்பது வருஷம் ஆகிறது.

"அவர் படுக்கையில விழுந்து ஆறு மாசமாச்சு" என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி. "தம்பி என்கூடப் பேச வேண்டாம், அவன் குரல் காதுல விழுந்தாப் போதும்னார். நீங்கதான் நாள் பூரா கத்தறீங்களே! அதான் போனை இங்க வெச்சுட்டேன்."

டெக்னீஷியன் மெதுவாகக் கேட்டாள்: "துண்டிச்சிடவா சார்?"

போனிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா... சத்தத்தையே காணோம்? தம்பி வெளியில போயிட்டானா?"

செயலாளர் போனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே மிக உரக்கக் கத்தினார்:

"சுவர்தான் காரணம்! எழுதிக்கம்மா! கம்பி போட்ட சுவர்! ஒருத்தரையும் துண்டிக்கக் கூடாது!"

திரையில் அண்ணன் சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த மாதச் சங்கத் தேர்தலில், ஒரு வைஃபையைச் சரிசெய்யத் துப்பில்லாதவர் என்று மற்றப் பதினோரு வீடுகளும் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டு, டீச்சரைச் செயலாளராக்கின.