சாகப் பார்த்த கைதி

முகாமில் உடனிருந்த ஒன்பது சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளியவன், சிறையில் பட்டினி கிடந்து சாகப் பார்த்தான். டாக்டர் கெஞ்சியும் அதிகாரி மிரட்டியும் மசியவில்லை. முகாம் சமையல்காரர்தான் வலியப் போய், ஐந்து நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டி, அவனைத் தேற்றினார்.

ஆறாம் நாள் அவன் கண் கலங்கிவிட்டது.

“எல்லாரும் என் மூஞ்சியில காறித் துப்புறாங்க. நீங்க மட்டும் எதுக்குய்யா பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிறீங்க?”

சமையல்காரர் அடுத்த கவளத்தை நிதானமாக உருட்டினார்.

“அன்னைக்குக் கட்டில்ல உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தவனை முதல்ல சுட்டியே, அவன்தான் நான் பெத்த பிள்ளை.”

அவன் பின்னால் நகர்ந்தான். சமையல்காரர் கவளத்தை அவன் உதட்டருகே கொண்டுபோனார்.

“பசியில சுலபமா செத்துப்போக விடமாட்டேன். நீ சொந்தக் காலால நடந்து தூக்குமேடை ஏறணும். ம்... சாப்பிடு.”