கோணலாக நின்ற பெஞ்ச்

ஒரு குடியிருப்பில் இரண்டு சிமெண்டு பெஞ்சுகள், அடுத்தடுத்து, மதிலைப் பார்த்தே நின்றன. உட்கார வந்தவர்களும் மதிலைப் பார்த்தார்கள், செல்போனைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள்.

ஒருநாள் தண்ணீர் லாரி பின்னால் வந்து இடித்ததில், ஓரத்து பெஞ்ச் திரும்பி மற்றதைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

"அட, உனக்கு மூலை உடைஞ்சிருக்கே! பக்கத்துலயே இருந்தும் தெரியலையே" என்றது.

அன்று மாலை, முதல் மாடி மரகதவல்லி ஒன்றிலும் நான்காம் மாடி யூசுப் மற்றதிலும் உட்கார்ந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் பேசாமல் இருப்பது?

"உங்க வீட்டுக் குழாய்லயும் துருத் தண்ணிதானா?" என்று கேட்டார் மரகதவல்லி.

ஒரே வாரத்தில் ஃபிளாஸ்க்கில் டீ வந்தது. கூடவே நாலு பேர் வந்தார்கள்.

பிறகு குடியிருப்புச் சங்கச் செயலாளரும் வந்தார், கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு.

"பார்க்கவே கோணலா இருக்கு. நேராத் திருப்புங்க."

திரும்பியிருந்த பெஞ்ச் கடப்பாரையைப் பார்த்தது. மறுபடியும் மதிலா?

யூசுப் எழவே இல்லை. "இருங்க சார், பேசிக்கிட்டு இருக்கோம்ல?"

மரகதவல்லி டீயை நீட்டினார். செயலாளர் தயங்கினார்.

"அரை டம்ளர் போதும்மா" என்று உட்கார்ந்தார். ஆட்களும் கடப்பாரையை மதிலில் சாத்திவிட்டு பெஞ்ச் ஓரமாக ஒண்டிக்கொண்டார்கள்.

"இத்தனை பேர் பாரம், தாங்குறியா?" என்று கேட்டது மூலை உடைந்த பெஞ்ச்.

"இப்பதான்டா எனக்கு மூச்சே வருது!"