கொம்புள்ளதன் பால்

கிண்ணம் குழந்தையின் உதட்டருகே போய்விட்டது.

விருந்து விரிப்பின் இந்தக் கோடியில் ஜாதிரா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியில் மாமனார், அவர் மடியில் அவள் மகள் இன்ஜு. வருஷப் பிறப்பான நௌரிஸ் பண்டிகையன்று பெரியவர் கையால் குழந்தைக்கு ஒரு வாய் பால். கொடுத்தால் வருஷம் முழுக்க வீட்டில் வெள்ளை, அதாவது பாலும் தயிரும், குறையாதாம்.

"மாமா, அது எதோட பால்?"

"பால்ல என்னம்மா எது? வெள்ளையா இருக்கு பாரு!"

விரிப்பைச் சுற்றி ஒரே சிரிப்பு.

கிண்ணத்து ஓரத்தில் மஞ்சளாய் ஏடு ஒட்டியிருந்தது. ஒட்டகப் பாலில் அப்படிப் படியாது. இன்ஜுவுக்கு ஒத்துக்கொள்வது ஒட்டகப் பால்தான், டாக்டரே சோதித்துப் பார்த்துச் சொன்னது. பசும்பால் ஒரு வாய் போனால் தொண்டை அடைத்துவிடும்.

அதைச் சொல்லித் தொலைக்கத்தான் வழி இல்லை. அவர்கள் பேச்சில் பசுமாடு என்றால் சியிர். மாமனார் பெயர் சியிர்பாய். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? அதனால் அந்த வீட்டு மருமகள்களுக்குப் பசு எப்போதும் 'கொம்புள்ளது'. ஆட்டுக்கும்தான் கொம்பு உண்டு; அவசரத்துக்கு உதவாத பேச்சு.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், குழந்தை என்ன குடித்தது என்று நர்ஸ் கேட்டாள்.

"கொம்புள்ளதோட பால்."

"ஆடா?"

"இல்லே, அம்மான்னு கத்துமே..."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பிழைத்தது மறுபிறப்பு. அப்போதுகூட அந்தச் சொல் ஜாதிராவின் வாயில் வரவில்லை. பாழாய்ப்போன மரியாதை!

கிண்ணம் சாய்ந்தது.

"சியிர்! அது சியிர்ப் பால்! குடுக்காதீங்க!"

சிரிப்பு பட்டென்று நின்றது. ஓரகத்தி மரியாஷ், வெட்கக்கேடு என்பதுபோல், தன் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டாள். பெரியவரின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது.

"யார் பேரைச் சொன்னே நீ?"

"மாட்டைச் சொன்னேன், மாமா. நீங்க ஏன் திரும்புறீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிப் போனது. கிழவருக்கு வீம்பு ஏறிவிட்டது.

"ஒரு வாயில உயிரா போயிடும்?" என்று கிண்ணத்தை மறுபடி தூக்கினார்.

ரொட்டி இருக்கும் விரிப்பை மிதித்தால் பாவம். ஜாதிரா மிதித்துக்கொண்டேதான் ஓடினாள். கிண்ணங்கள் உருண்டன.

அவள் போய்ச் சேருவதற்குள் இன்ஜு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். முகத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தள்ளினாள். பால் அத்தனையும் கிழவரின் புதுக் கோட்டில் கொட்டியது.

"சியிர். வேணாம்" என்றாள் இன்ஜு, திருத்தமாக.

அதுவரை எல்லோரும், பாவம், மருமகள் பதற்றத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் குடுத்தது?" என்றார் கிழவர்.

ஜாதிரா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான், மாமா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள் முதலா, தினமும் ஒட்டகம் கறக்கிறப்போ சொல்லிக் குடுப்பேன். அவ பேசின முதல் வார்த்தையே அதுதான்."