பாதிக் கட்டைவிரல்

எங்கள் ரூர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடிந்ததும் ஆண்கள் குளியலறையில் வரிசையாக நின்று, ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஹென்ரிக்கின் முதுகு கட்டைவிரல் பாதி போன என் கணவர் ஆல்ஃபோன்ஸின் பொறுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில், தொழிற்சங்கத் துண்டறிக்கை கொடுத்ததற்காகப் போலீஸ் என் கணவரை இழுத்துப்போனது. கைதி முகாமிலிருந்து அவருடைய சாவுச் செய்தியும் உடுப்பும் வந்தன.

அதற்குப் பிறகும் ஹென்ரிக் சட்டையில்லாமல் விறகு பிளக்கையில் அவன் முதுகில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"உனக்கு யாருய்யா தேய்ச்சு விடறது?"

"ஆல்ஃபோன்ஸ்தான். அந்தப் பாதிக் கட்டைவிரல் எனக்குத் தெரியாதா? திரும்பினா யாரும் இல்ல."

"பொண்டாட்டி நான் இங்க காத்துக் கெடக்கேன். அவருக்கு உன் முதுகுதான் கேக்குதா?"

"என்மேல ஏம்மா எரிஞ்சு விழற? அவனையே கேளு."

வீட்டில் அவருடைய சோப்பு தினமும் ஈரமாகவே இருந்தது. அதை நான் தொடுவதில்லை. ஆக, வீட்டுக்கு வருகிறார். சோப்பை எடுத்துக்கொண்டு அவனிடம் போகிறார்.

நேற்று வெந்நீர் வைத்தேன். சோப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவுக்கு வெற்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. வெந்நீர் ஆறிப்போனது.

எழுந்தபோது, சோப்பில் பாதிக் கட்டைவிரல் புதிதாகப் பதிந்திருந்தது. என் முதுகு காய்ந்தே இருந்தது.